ஒரு பாவில் எத்தனை சட்டை

கைத்தறித் துணியில் சட்டையும் குர்த்தாவும் தைத்து விற்கும் சிறு தொழிலொன்றை ஈரோட்டுப் பக்கம் நடத்திவருகிறேன். இதைக் கேள்விப்படுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, வெட்டி மிஞ்சும் துண்டுத் துணிகளை என்ன செய்கிறீர்கள் என்பதுதான். பதில் சொல்ல எளிதான கேள்வி அது. துண்டுகளைப் பையாகத் தைக்கலாம், பொம்மையாக்கலாம், தலையணைக்குள் அடைக்கலாம்; படம் எடுத்துப் போட்டால் பார்க்கவும் அழகாக இருக்கும். யாரும் கேட்காத கேள்வி வேறொன்று இருக்கிறது. தைத்து, பொத்தான் வைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அலமாரியில் அடுக்கிய முழுச் சட்டை விற்காமல் போனால் என்ன செய்கிறீர்கள்? உடைத் தொழிலில் ஆகப் பெரிய கழிவு அந்தச் சட்டைதான். பருத்திச் செடி குடித்த தண்ணீர், நூற்பாலையின் மின்சாரம், சாயத் தொட்டியின் உப்பு, நெய்தவரின் தோள்வலி, தைத்தவரின் கழுத்துவலி என அத்தனையும் அதற்குள் மடிந்து கிடக்கின்றன.

பிரிட்டனின் பர்பெரி நிறுவனம், உடைகளும் வாசனைத் திரவியங்களும் உள்ளிட்ட 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை ஒரே ஆண்டில் அழித்துவிட்டதை 2018இல் தன் ஆண்டறிக்கையிலேயே தெரிவித்தது. கண்டனம் எழுந்த பிறகு அவ்வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த விதிமுறையின்படி, விற்காத உடைகளையும் காலணிகளையும் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கான தடை 2026 ஜூலையில் தொடங்குவதாக வகுக்கப்பட்டது. நம் பக்கத்தில் யாரும் சரக்கைக் கொளுத்துவதில்லை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதும், தரச் சோதனையில் தள்ளப்பட்டதும் திருப்பூர் காதர்பேட்டைக்கு வந்து, மூட்டை மூட்டையாகக் கைமாறி, ஊர் ஊராகச் சந்தைக் கடைகளுக்குப் போய்விடும். அது எரிப்பதைவிட எவ்வளவோ மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மிஞ்சும் என்று தெரிந்தே தைக்கும் பழக்கத்தை அந்தச் சந்தை தாங்கிப் பிடிக்கிறது. மிஞ்சினாலும் போக ஓர் இடம் இருக்கிறது என்னும் தைரியத்தில்தான், ஆர்டர் எண்ணிக்கைக்கு மேல் சில சதவீதம் கூட்டியே துணி வெட்டப்படுகிறது.

ஆகவே குறைந்த கழிவில் உடைத் தொழில் செய்ய நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எத்தனை உடை தைப்பது என்னும் எண்ணிக்கையைத்தான். கைத்தறியில் அந்த எண்ணிக்கையைத் தறியே ஓரளவு தீர்மானித்துவிடுகிறது. ஏறக்குறைய 100 மீட்டர் நீளமுள்ள ஒரு பாவை, அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல் தொகுதியை, தறியில் ஏற்றினால், நெசவில் சுருங்குவதும் துவைத்தால் சுருங்குவதும் போகக் கையில் நிற்பது 90 மீட்டர் அளவுதான். 48 அங்குல அகலத் துணியில் முழுக்கை வைத்த பெரியவர் சட்டை ஒன்றுக்கு இரண்டேகால் மீட்டர் பிடிக்கும் என்றால், ஒரு பாவுக்கு 40 சட்டை. ஒரு வடிவமைப்பில் 40 சட்டைக்குக் குறைவாக வேண்டுமென்று கேட்பது, நெசவாளரின் பல நாள் வேலையைத் தண்ணீரில் கரைப்பதற்குச் சமம். சென்னிமலையில் எங்களுக்கு நெய்து தரும் பெரியவர் ஒருவர் இதை எனக்கு ஒரே வாக்கியத்தில் விளங்க வைத்தார்: "பாவு ஏத்தறதுக்கே நாலு நாளாகும் அம்மிணி, பத்துச் சட்டைக்குன்னு தனியாப் பாவு கேட்டா எப்படிங்க?"

அவர் சொன்ன அந்த நாலு நாளில் நடப்பதை ஒருமுறை அருகில் உட்கார்ந்து பார்த்தால், சிறிய அளவில் வித விதமாகச் செய்கிறோம் என்று பெருமை பேசுகிறவர்களுக்குக் கொஞ்சம் அடக்கம் வரும். பழைய பாவு முடியும் இடத்தில், அச்சுக்கும் (இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு) விழுதுக்கும் (இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணிகள்) பின்னால், நெய்ய முடியாத நூல்முனைகள் ஆயிரக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் அதே இடத்து இழையோடு சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஒரே திருகில் முறுக்கி இணைக்கிறார்கள். முடிச்சுப் போடுவதில்லை, முடிச்சுப் போட்டால் அது அச்சுக்குள் நுழையாது. பெரும்பாலும் பெண்கள் செய்யும் இந்தப் பிணைக்கும் வேலையில் வரிசை ஒன்று தவறினால், நெய்யும்போது துணி நெடுகக் கோடு விழும். பழைய முனைகளை அறுத்தெறிந்துவிட்டு விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் ஒவ்வோர் இழையாகப் புதிதாகக் கோப்பதைக் காட்டிலும் இது வேகமான வழி, நூலும் வீணாவதில்லை. கழிவைக் குறைப்பது பற்றிய கருத்தரங்குகளில் நான் கேட்டவற்றுள் எதுவும் இந்தச் சாம்பல் தொட்ட விரலின் பக்கத்தில் நிற்காது.

சரி, ஒரு பாவுக்கு 40 சட்டை; 40 பேருக்கும் ஒரே நிறம் பிடிக்குமா? இதற்கு நெசவுக்குள்ளேயே வழி இருக்கிறது. பாவு நூலை ஒரே நிறத்தில், பெரும்பாலும் சாயமேற்றாத இயல்பு வெள்ளையிலோ வெளிர் நீலத்திலோ வைத்துக்கொண்டு, குறுக்கே ஓடும் ஊடை நூலை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். ஊடை நூல் சுற்றிய தாரை மாற்றினால் போதும், புதுப் பாவு ஏற்ற வேண்டியதில்லை. நீலப் பாவில் வெள்ளை ஊடை ஓடினால் ஒரு நிறம், மஞ்சள் ஓடினால் பச்சையை நெருங்கும் இன்னொரு நிறம், கறுப்பு ஓடினால் மழைமேகம். ஒரே பாவில் நான்கைந்து நிறத் துணிகள் கிடைத்துவிடுகின்றன. ஒவ்வொன்றிலும் எட்டோ பத்தோ சட்டைகள். நாங்கள் ஓர் ஆண்டுக்கு வடிவமைப்புகளைத் திட்டமிடும்போது எழுதிவைப்பது சட்டைகளின் பட்டியலை அல்ல, பாவுகளின் பட்டியலை.

அடுத்த தடை, அளவு. நிறம் பிடித்தாலும், நடுத்தர அளவு தீர்ந்துபோய், மிகச் சிறியதும் மிகப் பெரியதும் அலமாரியில் தங்கிவிடும். இதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து, வெட்டுவதைத் தள்ளிப்போடுவது. துணி துணியாக இருக்கும்வரை அதற்கு அளவும் இல்லை, ஆண் பெண் வேறுபாடும் இல்லை. விற்காவிட்டால் ரவிக்கைத் துணியாகவோ திரைச்சீலையாகவோ மீட்டர் கணக்கில் கொடுத்துவிடலாம். கத்தரி பட்ட கணத்தில் அந்த வாய்ப்புகள் எல்லாம் மூடிக்கொள்கின்றன. எனவே அளவுக்கு ஒன்று என்று மாதிரிக்குத் தைத்து வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஆர்டர் வந்த பின்பே வெட்டுகிறோம். வாங்குகிறவர் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். இணையத்தில் காலையில் சொல்லி மாலையில் பெற்றுக்கொள்ளும் காலத்தில் இதை யார் ஏற்பார்கள் என்று பலர் எச்சரித்தார்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே தையல்காரரிடம் துணியைக் கொடுத்துவிட்டு, "அண்ணா, எப்போது கிடைக்கும்?" என்று நடையாய் நடந்து வளர்ந்த ஊர் இது. காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் காத்திருக்கவே செய்கிறார்கள். காத்திருக்க விரும்பாதவர்களை இழக்கவும் செய்கிறோம்.

வெட்டு மேசைக்கு வருவோம். மில் துணியில் அகலம் முன்கூட்டியே முடிவானது. அதற்குள் பேட்டர்ன் துண்டுகளை அடுக்கிப் பார்த்து, இடைவெளியைக் குறைக்கும் மார்க்கரை, அதாவது வெட்டு வரைபடத்தை, போடுவது கட்டிங் மாஸ்டரின் திறமை. அப்படியும் கை வளைவு, கழுத்து வளைவு, காலர் ஓரம் ஆகிய இடங்களில் துணி விழுந்துகொண்டேதான் இருக்கும். தைத்த உடைகளில் சராசரியாக 15 சதவீதத் துணி வெட்டும்போதே போய்விடுகிறது என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. கைத்தறியின் பெரிய வசதி, அகலத்தை நாமே சொல்லலாம் என்பது. குர்த்தாவின் முன்பாகமும் பின்பாகமும் 24 அங்குல அகலம் என்றால், 48 அங்குலத்தில் பாவு போடச் சொல்லிவிட்டால் இரண்டும் பக்கம் பக்கமாக உட்கார்ந்துவிடும். நேர்க்கோட்டிலேயே வெட்டி, கையை உடம்போடு நேராக இணைத்து, அசைவுக்கு இடம் தரக் கக்கத்தில் சதுரத் துண்டொன்றை வைத்துத் தைக்கும் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தோம். கழுத்துக்காக வெட்டியெடுத்த துண்டு உள்பட்டியாகிறது. துணியின் கரையைக் கீழ்மடிப்பு இல்லாமல் அப்படியே விளிம்பாக விட்டுவிடுகிறோம்; கரை பிரியாது, தையலும் மிச்சம். இவ்வாறு வெட்டும் குர்த்தாவில் மிஞ்சுவது ஒரு கைப்பிடி நூலும் தூசியும்தான். சட்டையில் இது முழுமையாகக் கைகூடவில்லை. காலரும் கை வளைவும் சட்டைக்கு இலக்கணமாகிவிட்டன; அவற்றை நேர்க்கோடாக்கினால் வாங்குகிறவர் அதைச் சட்டையாகவே ஏற்பதில்லை.

வேட்டியையும் சேலையையும் உடுத்தும் நாட்டில், வெட்டுக் கழிவே இல்லாத உடையை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கழிவு என்னும் ஒன்றை மட்டும் பார்த்தால் நான் இந்தத் தொழிலை மூடிவிட்டு வேட்டி விற்கப் போக வேண்டும்.

மிஞ்சும் சட்டைத் துண்டுகள் என்னவாகின்றன என்னும் முதல் கேள்விக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். திருப்பூர் வட்டாரத்தில் பனியன் வேஸ்ட் என்பது தனியொரு வணிகம். நிறம் பிரித்து வாங்கப்படும் பருத்திக் கட்டிங் வேஸ்ட், கிழித்துப் பஞ்சாக்கப்பட்டு, ஓப்பன் எண்ட் என்னும் முறையில் நூற்கும் மில்களில் மறுபடியும் தடித்த நூலாகிறது. நம் வீட்டுக் கால்மிதியிலும் போர்வையிலும் அந்த நூல் இருக்க வாய்ப்பு அதிகம். எந்த விருதும் விளம்பரமும் இல்லாமல் பல ஆண்டுகளாக நடக்கும் மறுசுழற்சி இது. ஆனால் அதற்குத் துண்டு முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டரும் ஸ்பான்டெக்ஸும் கலந்தால் மதிப்புச் சரிந்துவிடும். அதனாலேயே கலப்பு நூல் துணியை நாங்கள் தொடுவதில்லை. ஆரோவில்லின் உடை வடிவமைப்பு நிறுவனமான உபாசனா, 2004 சுனாமிக்குப் பிறகு மீனவப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து, துண்டுத் துணியில் சுனாமிகா பொம்மைகளைச் செய்யவைத்த முயற்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. அங்கே பொம்மை அந்தப் பெண்களின் கைகளுக்கு வேலையாகவும் மனத்துக்கு ஆறுதலாகவும் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் துண்டுத் துணியில் தலைமுடிப் பட்டை தைக்கத் தொடங்கினால், தேவையில்லாத இன்னொரு சரக்குதான் கூடுகிறது. எங்கள் துண்டுகளில் பெரியவை ஒட்டுத் துணியாகவும் மஞ்சப்பையாகவும் போகின்றன. சிறியவை வேஸ்ட் வியாபாரியிடம் போகின்றன.

சாயத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வட்டாரத்தில் நொய்யல் ஆற்றைத் தாண்டிப் போக முடியாது. சென்னிமலைக்கு அருகில், பாசனத்துக்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிப் போனதும், கீழ்மடை நிலங்கள் உப்புப் பூத்ததும் இங்குள்ள ஒவ்வோர் உழவர் குடும்பத்துக்கும் தெரிந்த கதை. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான ஆலைகள் ஒரேயடியாக நின்றன. இன்று கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ரியாக்டிவ் என்னும் ரசாயனச் சாயம் பருத்தியில் பிடிக்க ஏராளமான உப்பு வேண்டும். தண்ணீரைப் பிரித்த பின்பு அந்த உப்பு, பயன்படாத கலப்பு உப்பாகவும் சேறாகவும் மூட்டைகளில் தங்கிவிடுகிறது. ஆற்றில் கலக்கவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

இயற்கைச் சாயம் இதற்கு மாற்று என்று நானும் சொல்வதுண்டு. சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன். திண்டிவனம் பக்கத்தில் விளையும் அவுரியிலிருந்து எடுத்த நீலத்தைச் சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்த தொட்டியில் புளிக்கவைத்து, அதில் நூலை முக்கி எடுத்தால், வெளியே வரும்போது பச்சையாக இருப்பது காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். பார்க்கப் பார்க்கத் தீராத காட்சி அது. கடுக்காயும் படிகாரமும் போட்ட துணி மஞ்சளையும் சிவப்பையும் பிடித்துக்கொள்கிறது; துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீர், கடுக்காய்த் துணியில் கறுப்பாகிறது. ஆனால் கொதிக்கவைக்க விறகு வேண்டும், அலச நிறையத் தண்ணீர் வேண்டும், படிகாரமும் இரும்பும் கலந்த நீரைக் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. இரண்டு தொட்டி ஒரே நிறத்தைத் தருவதும் இல்லை. ஆயிரக்கணக்கில் தைக்கும் நிறுவனம் இதைச் செய்கிறேன் என்றால் எனக்குச் சந்தேகம் வரும். 40 சட்டைக்குச் செய்யலாம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிகச் சுத்தமான நிறம், சாயமே போடாத பருத்தியின் நிறம்தான். எங்கள் பாவுகளில் ஏறக்குறைய பாதியை அப்படியே விட்டுவிடுகிறோம். சாயமில்லாத சட்டைக்கு எதற்கு இந்த விலை என்று கேட்கிறவர்களுக்கு நெசவுக் கூலியைக் காட்டுகிறேன்.

கூலிதான் இந்தத் தொழிலின் நடு முற்றம். 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெசவிலும் அதன் துணை வேலைகளிலும் இருப்பதாகச் சொல்கிறது. நெசவாளர்களில் பத்தில் ஏழு பேருக்கும் மேல் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டுகின்றன என்பதும் அதே கணக்கெடுப்பில் உள்ளது. இதற்கு ஒரு காரணம், கூலி நெய்த மீட்டருக்கு மட்டும் பேசப்படுவது. நூலைச் சிக்கெடுப்பது, ராட்டையில் தார் சுற்றுவது, பாவு பிணைப்பது ஆகியவை வீட்டுப் பெண்களும் முதியவர்களும் செய்யும் வேலைகள் என்பதால், அவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நெய்கிறவர் ஒருவர், ஆனால் ஒரு மீட்டருக்குள் மூன்று பேரின் நாள் இருக்கிறது. தார் சுற்றுவதற்கும் பிணைப்பதற்கும் தனிக் கூலி எழுதி, அதைச் செய்தவர் கையிலேயே கொடுக்கத் தொடங்கியபோது, எங்கள் துணியின் அடக்கவிலை கணிசமாக ஏறியது. அது விலையேற்றமே இல்லை. அதுவரை அந்தத் தொகையை அந்தப் பெண்கள் எங்களுக்கு இலவசமாகத் தந்துகொண்டிருந்தார்கள்.

எவ்வளவு கொடுக்கிறோம் என்பதற்கு இணையாக, எப்போது கொடுக்கிறோம் என்பதும் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். அறம் சார்ந்த உடைத் தொழில் என்று எழுதப்படும் கட்டுரைகளில் இது அரிதாகவே வருகிறது. ஜவுளி, கடனில் ஓடும் தொழில். கடைக்காரர் விற்ற பின்பு தருவார், மொத்த வியாபாரி கடைக்காரர் தந்த பின்பு தருவார், இப்படியே கீழிறங்கிக் கடைசியில் நெசவாளர் வீட்டு அரிசி மூட்டைவரை அந்தக் கடன் வந்து நிற்கும். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அவ்வாறு தராதவர்கள் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் உடனே கழிக்க முடியாதென்று 2024 ஏப்ரல் முதல் விதி இறுக்கப்பட்டது. பதிவு செய்துகொள்ளாத நெசவாளர் குடும்பத்துக்கு இந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை. நாங்கள் நூலை நாங்களே வாங்கிக் கொடுத்துவிட்டு, நெய்த அளவுக்குச் சனிக்கிழமைதோறும் கூலி தருகிறோம். இதற்காக முதலீட்டில் பெரும்பங்கு நூலிலும் துணியிலும் முடங்கிக் கிடக்கும். வங்கிக்காரருக்கு அது பிடிக்காது.

முன்பணம் என்னும் சிக்கலையும் மறைக்கக் கூடாது. கலியாணம், மருத்துவம் என்று வரும்போது நெசவாளர் முன்பணம் கேட்பார். கொடுக்காவிட்டால் கந்துவட்டிக்குப் போவார். கொடுத்தால், அது தீரும்வரை வேறெவருக்கும் நெய்ய முடியாமல் நம்மிடமே கட்டுண்டு கிடப்பார். தறிக்காரர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போட்டது இந்த நல்லெண்ண முன்பணம்தான். இப்போது கொடுக்கிறோம், ஆனால் வாரக் கூலியில் ஒரு சிறு வரம்புக்கு மேல் பிடிப்பதில்லை, வேறிடத்து வேலையைத் தடுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இது முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

தையல் பக்கத்தில் எங்களிடம் இருப்பவை பவர்டேபிள் என்னும் மின் தையல் இயந்திரங்கள் சிலவும், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் ஒன்றும் மட்டுமே. உருப்படிக்கு இவ்வளவு என்னும் பீஸ் ரேட்டா, நாளுக்கு இவ்வளவு என்னும் ஷிப்ட் சம்பளமா என்பதில் எனக்கு இப்போது உறுதியான கருத்து உண்டு. பீஸ் ரேட்டில் வேகமாகத் தைக்கிறவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கைத்தறித் துணி ஒன்றுபோல ஓடாது. கரை இழுக்கும், கட்டம் பொருந்த வேண்டும், கக்கத்துச் சதுரம் பொறுமையைச் சோதிக்கும். அதைப் பீஸ் கணக்கில் தைக்கச் சொன்னால், துணியின் குணத்துக்குத் தைப்பவர் அபராதம் கட்டுகிறார். ஆகவே எங்களிடம் ஷிப்ட் சம்பளம்தான், அதற்கு மேல் ஓவர்டைம் இல்லை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில், பணியிடப் பாலியல் தொல்லைகளுக்கான உள்புகார்க் குழு சட்டப்படி கட்டாயமில்லை. அங்குள்ள பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படியொரு குழு இருப்பதே சிறு கம்பெனிகளில் தைக்கும் பெண்களில் பலருக்குத் தெரியாது. அந்தத் தகவலைச் சுவரில் ஒட்டிவைக்க ஒரு தாளின் செலவுதான். பெரிய ஆலைகளிலோ, தொழிற்சங்கமும் வெளிநாட்டு நிறுவனமும் பாலியல் வன்முறையைத் தடுக்கக் கையொப்பமிட்ட 2022ஆம் ஆண்டுத் திண்டுக்கல் ஒப்பந்தத்துக்கு முன்னால் ஓர் இளம்பெண்ணின் உயிர் போக வேண்டியிருந்தது.

இவ்வளவையும் கூட்டினால் விலை என்ன ஆகும் என்பது தெரிந்ததே. 2022 மே மாதத்தில் பருத்தி ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியபோது நூல் விலையும் கூடவே ஏறியது. நூல்காரரிடம் பேரம் பேச முடியாது, வாங்குகிறவரிடம் விலையை ஏற்றத் தயக்கம். நடுவில் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது கூலி மட்டுமே. தொழில் நெடுகிலும் நெருக்கடி கூலியின் தலையில் விடிவது இப்படித்தான். அவ்வேளையில் நாங்கள் விலையை ஏற்றினோம், காரணத்தையும் எழுதினோம், விற்பனை குறைந்தது. அதேபோல ஆடித் தள்ளுபடி தருவதில்லை. பாதி விலைக்குத் தர முடியுமானால் ஆனி மாதம் வாங்கியவரை ஏமாற்றியிருக்கிறோம் என்று பொருள்; முடியாதென்றால் யாருடைய கூலியோ குறைகிறது. 2025 செப்டம்பர் முதல், 2,500 ரூபாய் வரையிலான உடைக்கு 5 சதவீதமும் அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதமும் ஜிஎஸ்டி என்று ஆனபின், இயற்கைச் சாயமிட்ட முழுக்கைச் சட்டை ஒன்றை அந்தக் கோட்டுக்குக் கீழே நிறுத்துவது கயிற்றின் மேல் நடப்பதாக இருக்கிறது.

சட்டையில் தொங்கவிடும் அட்டைச் சீட்டில் என்ன எழுதுவது என்பது தனித் தலைவலி. இயற்கைப் பருத்தி, அதாவது ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைந்தது, என்று எழுதினால் விற்பனை கூடும். ஆனால் இந்தியாவின் 20,000 டன் பருத்தி போலிச் சான்றிதழில் இயற்கைப் பருத்தியாக விற்கப்பட்டதை, இயற்கைப் பருத்தித் துணிக்கான உலகத் தரச்சான்றை நிர்வகிக்கும் கோட்ஸ் (GOTS) அமைப்பே 2020இல் கண்டறிந்து அறிவித்தது. ஆதாரமில்லாமல் பசுமை, சூழலுக்கு இணக்கமானது என்றெல்லாம் விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்தும் வழிகாட்டு நெறிகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2024 அக்டோபரில் வெளியிட்டது. எங்களைப் போன்ற சிறியவர்களுக்குச் சான்றிதழ்க் கட்டணம் கட்டுப்படியாகாது. அதனால் தெரிந்ததை மட்டும் எழுதுகிறோம்: எந்த ஊரில் நெய்தது, எந்தச் சாயம், யார் தைத்தது. மில் நூலில் நெய்த துணிக்கு, பருத்தி விளைந்த இடம் தெரியாது என்றே அச்சிடுகிறோம். மானாவாரியாகக் கரிசல் நிலத்தில் விளையும் கருங்கண்ணிப் பருத்தியில் நெய்த சிறு தொகுதிக்கு மட்டும் ஊர்ப்பெயர் சொல்ல முடிகிறது. கருங்கண்ணியின் இழை குட்டை, நூல் தடிப்பாகத்தான் வரும், மெல்லிய சட்டைக்கு ஒத்துவராது. ஆனால் பாசனமும் பெரிய மருந்துச் செலவும் கேட்காத பயிர் அது.

விற்ற பிறகும் சட்டை எங்கள் கணக்கில் இருக்கிறது. பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத் தைக்கிறோம். பள்ளிச் சீருடையை அப்படித்தான் தைத்து, பிள்ளை வளர வளரப் பிரித்து விடுவார்கள். உடம்பு இளைத்தால் பிடித்துக் கொடுப்பார்கள். ஏற்றுமதித் தையலில் துணியை மிச்சப்படுத்தக் கால் அங்குலமாகக் குறைத்துவிட்டதால், இப்போதைய உடைகளில் பிரித்து விடுவதற்கு எதுவும் இருப்பதில்லை. இங்கே கழிவுக் கணக்கு தலைகீழாகிறது: சட்டைக்குக் கொஞ்சம் துணி கூடுதலாகச் செலவாகிறது, சட்டையின் ஆயுளோ சில ஆண்டு நீள்கிறது. கிழிந்ததை இலவசமாகத் தைத்துத் தருகிறோம். தபால் செலவு மட்டும் அனுப்புகிறவருடையது. திரும்பி வரும் சட்டைகள் சொல்லும் செய்திகளும் உண்டு. பெரும்பாலானவை கிழிவது காலரின் மடிப்பு ஓரத்தில். ஆதலால் இப்போது காலரைக் கழற்றித் திருப்பித் தைக்க ஏதுவாக இரு பக்கமும் நல்ல துணியையே வைக்கிறோம்.

இன்னும் கைகூடாமல் இருப்பது தையல் நூல். முழுப் பருத்திச் சட்டை என்று விற்கிறோம், ஆனால் அதை இணைத்து நிற்பது பாலியெஸ்டர் நூல். பருத்தித் தையல் நூல் பவர்டேபிளின் வேகத்தில் அறுந்து அறுந்து போகிறது; வேகத்தைக் குறைத்தால் அறுவது குறைகிறது, நாளுக்கு இரண்டு சட்டையும் சேர்ந்து குறைகிறது. மெழுகிட்ட பருத்தி நூலைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்து, அடுத்த பாவின் சட்டைகளில் பக்கத் தையலுக்கு மட்டும் போட்டுப் பார்க்கப் போகிறோம். கக்கத்துச் சதுரத்துக்கு வேண்டாம் என்று தைக்கும் அக்கா இப்போதே சொல்லிவிட்டார்.